ஆறு கொண்டுபோகாத குப்பை

வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடித்து ஓய்ந்தபோது மீனம்மாவின் குடம் பாதிகூட நிறைந்திருக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்தின் கீழ்ச்சரிவில் வரிசை வீடுகளாக இருந்த பணிய லயம் மொத்தத்துக்கும் ஒரே ஒரு பீலிதான். மேலே ஓடையை மறித்து, மூங்கிலைப் பிளந்து, ஒன்றோடொன்று கோத்துக் கொண்டுவந்த தண்ணீர். மற்ற நாட்களில் கை மொத்தத்துக்குக் கொட்டும். அன்று காலையில் நூல் மாதிரி இறங்கியது. அந்த நூலுக்குக் கீழே குடங்கள் வரிசையாக இருந்தன. குடங்களுக்குப் பின்னால் பெண்கள் நின்று ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த காம்பராவில் குடியிருக்கும் ராக்காயியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. ராக்காயி திட்டாத நாள் கிடையாது. அன்றைக்கு மட்டும் அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

மீனம்மா பாதிக் குடத்தோடு வீட்டுக்கு ஓடி, அடுப்பை அணைத்து, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு மூச்சிரைக்க ஏறினாள். அங்கே வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கு பொன்னையா குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

"பேர் போட்டாச்சு. இன்னைக்கு வீட்டுக்குப் போ."

"ஐயா, பீலியில தண்ணி வரலிங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது? வாயை வச்சு ஊதி விடணுமா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மீனம்மாவின் புருஷன் அழகன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள் வரிசையில் நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை. பெண்டாட்டியின் மூக்கு நுனி சிவந்ததைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு யாருக்கோ கெட்ட நேரம் என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

மீனம்மா வீட்டுக்குப் போகவில்லை. பீலி தொடங்கும் இடத்துக்கு ஏறினாள். மூங்கிலின் வாய்க்குள் கையை விட்டாள். அழுகிய முட்டைக்கோவா இலை வந்தது. வெங்காயத் தோல் வந்தது. ஊறிப்போன பேப்பரும் வைக்கோலும் சுருண்டு, ஒரு பெருச்சாளி அளவுக்கு உருண்டையாக வந்தது. அதை இழுத்தெடுத்ததும் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது.

அதைத் தூர வீசிவிட்டு இறங்கியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். மீனம்மா அதைக் கூடையில் போட்டாள். பிறகு ஓடை ஓரமாகவே மேலே நடந்தாள். கற்களுக்கு இடையில் சிக்கிக் கிடந்தவற்றையும் பொறுக்கிக்கொண்டே போனாள். கொழுந்து எடுக்கும் கை அல்லவா, கூடை சீக்கிரம் நிறைந்தது.

ஓடை அவளைக் கொட்டகலை ரோட்டோரத்துக் கடைவீதியின் முதுகுப்பக்கம் கொண்டுபோய் விட்டது. ஒரே வரிசையில் சில கடைகள். எல்லாவற்றுக்கும் பின்ஜன்னல் உண்டு. எல்லா ஜன்னலுக்கும் நேர் கீழே ஓடை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஜன்னலிலிருந்து வளைக் கை ஒன்று நீண்டு, ஒரு முறம் வெங்காயத் தோலை விசிறிவிட்டு உள்ளே போனது.

மீனம்மா வீதியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். அது ஹசன் நானாவின் பலசரக்குக் கடை. லயத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கும் கடை. ஹசன் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்கள் ஒதுங்கினார்கள். மீனம்மா கூடையைத் தலைகீழாக மேசைமேல் கவிழ்த்தாள்.

மேசை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்ன புள்ள இது?" என்றார் ஹசன். கோபத்தைவிட ஆச்சரியந்தான் அவர் முகத்தில் அதிகம்.

"ஒங்க சாமான்தான் நானா. எங்க பீலியில கெடந்துச்சு. திருப்பிக் குடுக்க வந்தேன்."

"இது ஆத்துல போட்டதல்லவா? ஆறு கொண்டு போயிடும்."

"எங்க கொண்டு போவுதுன்னு நானாவுக்குத் தெரியுமா? என் கொடத்துக்குள்ள கொண்டு வருது."

உள்ளேயிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஹசனின் மனைவி ரபீக்கா வந்தாள். பூண்டுலோயாவிலிருந்து கல்யாணமாகி வந்து அதிக காலம் ஆகவில்லை. சிரித்தது தப்பு என்று அவளுக்கே தெரிந்து, முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கையில் மீனம்மா பார்த்த அதே வளையல்கள்.

"இவுக இல்ல அக்கா, நான்தான் வீசினது," என்றாள். "வந்த நாள்லயிருந்து ஜன்னலால வீசுறேன். கீழ ஆக்கள் தண்ணி எடுக்கிறது தெரியாது."

ஒருவர் இப்படி ஒத்துக்கொண்டுவிட்டால் அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது என்று மீனம்மாவுக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வந்த வசவுகள் வீணாய்ப் போயின.

"எங்க விழுதுன்னு காட்டுறீங்களா?" என்று ரபீக்கா கேட்டாள். ஹசன் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பீலிக்கரையில் நின்று பார்த்த பிறகு அவள் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் இரண்டு பேரும் யோசித்தார்கள். கடைக்குப் பின்னால் குழி வெட்ட இடமில்லை, வெறும் பாறை. லயத்து வாசலில் இடம் உண்டு. ஆனால் அந்த மண்ணில் உரமில்லை. மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. மீனம்மா போட்ட கிழங்கு கோலிக்குண்டு அளவுக்குத்தான் விளையும்.

"அப்ப எங்கட குப்பை ஒங்களுக்குத் தேவைதானே?" என்றாள் ரபீக்கா.

"தேவைதான். ஆனா தண்ணியில வேணாம். சாக்குல குடு, தங்கச்சி."

அப்படித்தான் அது தொடங்கியது. ரபீக்கா பின்கதவு ஓரமாக ஒரு பழைய தேயிலைப் பெட்டியை வைத்தாள். அழுகுவதெல்லாம் அதற்குள் போனது. பேப்பரைத் தட்டி நீவி, மறுபடி பொட்டலம் மடிக்க எடுத்து வைத்தாள். போத்தல் சுற்றி வரும் வைக்கோல் கோழிக்குப் போனது. மீனம்மா ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வரும்போது ஒரு சாக்குக் கொண்டுவந்து பெட்டியைக் காலி பண்ணிக்கொண்டு போனாள்.

"இது கடையா, குப்பை கொட்டுற மடுவமா?" என்று ஹசன் முதலில் முணுமுணுத்தார். பிறகு அவருக்கே ஒரு பித்துப் பிடித்தது. மூட்டை கட்டி வரும் சணல் கயிற்றை அதுவரை அறுத்து எறிந்துகொண்டிருந்தவர், அவிழ்த்து, முடிச்சுப் போட்டு, உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தார். உருண்டை முதலில் எலுமிச்சம்பழம், பிறகு மாங்காய், பிறகு ஒரு சின்னப் பலாக்காய் அளவுக்கு வந்தது. வாங்க வருகிறவர்களிடம் அதைத் தூக்கிக் காட்டுவார். எண்ணெய்க்குப் போத்தல் கொண்டுவராதவர்களிடம், "வீட்டுல போத்தல் இல்லையா? குடிச்சிட்டு ஒடைச்சிட்டீங்களா?" என்று கேட்டு மானத்தை வாங்கவும் கற்றுக்கொண்டார்.

லயத்தில் காரியம் இவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. மீனம்மா வாசலில் வெட்டிய குழி நாறியது. ராக்காயி மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு ஊர் கூட்டினாள். செய்தி போய், கண்டாக்கு பொன்னையாவே நேரில் வந்தார்.

"என்ன குழி இது? ஒடனே மண்ணைப் போட்டு மூடு!"

"சரிங்கய்யா."

அன்று மாலையே மீனம்மாவும் அழகனும் மண்ணைப் போட்டு மூடினார்கள். மூடியதும் நாற்றம் நின்றது. அடுத்த ஞாயிறு பக்கத்திலேயே புதுக் குழி வெட்டி, குப்பையைப் போட்டு, யாரும் சொல்லாமலே மூடினார்கள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. பொன்னையா அந்த வழியே போகும்போதெல்லாம், "மூடச் சொன்னீங்க, மூடிட்டோங்கய்யா," என்பாள் மீனம்மா. அவர் குடையை மாற்றி இடுக்கிக்கொண்டு நடப்பார்.

பிறகு மழை பெய்தது. மூடிய மண்ணிலிருந்து யாரும் விதைக்காதவை முளைத்தன. தக்காளி வந்தது. மிளகாய் வந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பூசணிக்கொடி தலையைத் தூக்கிச் சுற்றும் முற்றும் பார்த்தது. கை கழுவிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், சட்டி கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் மீனம்மா அதன் காலில்தான் ஊற்றினாள். வாசலோரத்துக் கானில் சாக்கடையாய் வீணாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீருக்கெல்லாம் ஒரு வேலை கிடைத்தது. கொடி சுவரைப் பிடித்தது. தகரக் கூரையில் ஏறியது. அங்கிருந்து எல்லை பார்க்காமல் ராக்காயி வீட்டுக் கூரைக்குப் போய், அங்கே காய்த்தது.

ஒரே ஒரு காய். ஆனால் கூரைமேல் ஒரு ஆள் குந்தியிருக்கிற மாதிரி காய்.

"என் கூரையில காய்ச்சது எனக்கு," என்றாள் ராக்காயி.

"வேர் என் வாசல்லல்ல இருக்கு?" என்றாள் மீனம்மா.

"அப்ப வேரைத் தின்னு."

சண்டை நடந்தது, ஆனால் அந்தச் சாக்கில் ராக்காயி தினமும் பூசணியை அண்ணாந்து பார்த்து, அதற்கு வெயில் சுடாமல் ஒரு கிழிந்த சாக்கையும் போட்டு வைத்தாள். தன் வாசலிலும் ஒரு குழி வெட்டினாள். நாற்றத்தைப் பற்றி அப்புறம் பேச்சில்லை.

காய் பழுத்து மஞ்சளாகி வந்த ஒரு சனிக்கிழமை, பொன்னையா பதறிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை தோட்டத்தை நடத்தும் தொரை லயம் பார்க்க வருகிறாராம். கூரைமேல் கொடியா? தகரம் வளைந்தால் யார் பதில் சொல்வது? "இப்பவே எறக்கு. என் கண்ணு முன்னால எறக்கு."

அழகன் கூரைமேல் ஏறினான். காயைக் கையால் தூக்க முடியவில்லை. ஹசன் நானா பெருமையோடு கொடுத்தனுப்பிய சணல் கயிறு இருந்தது. அதைக் காம்பில் கட்டி மெல்ல இறக்கினான். கயிறு நல்ல கயிறுதான். ஆனால் அது பத்து மூட்டையிலிருந்து வந்த துண்டுகளை முடிந்த கயிறு. பாதி வழியில் ஒரு முடிச்சு, போதும் என்று நினைத்துக்கொண்டது.

பூசணி வாசலில் தொம்மென்று விழுந்தது. உடையவில்லை. ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு சரிவைப் பார்த்துக்கொண்டு உருளத் தொடங்கியது.

"புடிங்க, புடிங்க!" என்று ராக்காயி அலறினாள். கோழிகள் சிதறின. வெயிலில் காயப்போட்டிருந்த மிலாறு விறகுக் கட்டு ஒன்றை இடித்துத் தள்ளிக்கொண்டு பூசணி படிக்கட்டில் துள்ளியது. பெண்கள் பின்னால் ஓடினார்கள். பாதையின் அடியில் நின்றிருந்த பொன்னையா, தம்மைத் தவிர வேறு யாரும் அதைத் தடுக்க முடியாது என்று உணர்ந்தார். குடையை விரித்து முன்னால் நீட்டி, காலை அகட்டி நின்றார்.

குடையால் பூசணியை நிறுத்த முடியாது. இது அன்றைக்குப் பணிய லயம் முழுவதற்கும் தெரிந்துபோனது. பொன்னையா கானுக்குள் உட்கார்ந்திருந்தார். குடைக்கம்பிகள் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. அவருக்குப் பக்கத்தில் பூசணி இரண்டாகப் பிளந்து கிடந்தது.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். மீனம்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள்: ஒரு நாள் வேலை போனது போக, இனி என்னென்ன போகுமோ?

பொன்னையா பிளந்த பூசணியைப் பார்த்தார். ஒரு விரலால் தொட்டார்.

"உள்ள நல்ல மஞ்சளா இருக்கே," என்றார்.

முதலில் சிரித்தது ராக்காயி. அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பொன்னையாவும் சேற்றில் உட்கார்ந்தபடியே தோளைக் குலுக்கினார்.

பிளந்த காய் நிற்காது. மறுநாளே சமைத்துவிட வேண்டும். மீனம்மா மேலே கடைக்குச் சொல்லி அனுப்பினாள்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரபீக்காவும் ஹசன் நானாவும் கட்டாயம் வரவேண்டும், வெறும் மரக்கறிச் சாப்பாடுதான், கூச்சப்பட வேண்டாம்.

அவர்கள் மூன்று பேராக வந்தார்கள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஜமால்தீன், விருந்து என்று காதில் விழுந்ததும் கடையை மூடிவிட்டு ஹசனோடு ஒட்டிக்கொண்டார். கனத்த உடம்பு, வெள்ளைத் தாடி, நல்ல பசி. ரபீக்கா ஒரு பானையில் இனிப்புக்கு வட்டலப்பம் கொண்டுவந்திருந்தாள். பொன்னையாவும், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் மாதிரி வந்து சேர்ந்தார். ரபீக்கா அவருடைய உடைந்த குடையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கம்பியை நிமிர்த்தி, தைத்தால் இன்னும் நாலு மழைக்காலம் வரும் என்று சொன்னாள். "எறிஞ்சிடாதீங்க ஐயா, எறியறதுக்கு எடமே இல்ல இங்க. எல்லாம் யாருக்காச்சும் மேலதான் விழும்."

வாசலில் சாக்கை விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். பூசணிக் குழம்பு, தக்காளிச் சம்பல், சுடச்சுட ரொட்டி. எல்லாம் அந்த வாசலில் விளைந்தவை, கோதுமை மாவைத் தவிர. ஜமால்தீன் இறங்கி வந்த களைப்பில் முதலில் தண்ணீர் கேட்டார். மீனம்மா பீலியிலிருந்து அப்போதுதான் பிடித்து வந்த குடத்தைச் சாய்த்து, பித்தளைச் செம்பில் ஊற்றிக் கொடுத்தாள்.

ஜமால்தீன் ஒரு மிடறு குடித்தார். நிறுத்தினார். செம்புக்குள் எட்டிப் பார்த்தார். நாக்கில் ஒட்டியதை விரலால் எடுத்துப் பார்த்தார்.

"என்ன புள்ள, தண்ணி கேட்டா தேத்தண்ணி தாறீங்க? அதுவும் சீனியில்லாம?"

மீனம்மா செம்பை வாங்கிப் பார்த்தாள். அடியில் கரிய தேயிலைச் சக்கை சுழன்றுகொண்டிருந்தது. வடிகட்டிக்கூடப் பார்த்தாகிவிட்டது, அது எப்போதும் அப்படித்தான். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் தயங்கினாள். வீட்டுக்குச் சாப்பிட வந்த ஆள், தாடி நரைத்தவர்.

அந்தத் தயக்கமெல்லாம் ராக்காயிக்குக் கிடையாது.

"நாங்க போடலிங்க நானா. அது நீங்க போட்ட தேத்தண்ணி. ஒங்க கடைப் பின்னால கொட்டுற சக்கை காலையிலயும் சாயங்காலமும் எங்களுக்கு வருது. நல்ல தூளுதான் வாங்குறீங்க."

ரபீக்கா சட்டென்று குனிந்து குடைக்கம்பியைப் பார்த்தாள். ஹசன் கூரையைப் பார்த்தார். ஜமால்தீன் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் வரப்போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"ஒவ்வொரு நாளுமா?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு நாளும்," என்றாள் மீனம்மா மெதுவாக. "புள்ளைங்களும் இதைத்தான் குடிக்குதுங்க."

அவர் மிச்சத் தண்ணீரையும் குடித்தார். சக்கையோடு குடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, "ரொட்டி ஆறுது," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சாப்பிட்டதைப் பார்த்து, மீனம்மா இன்னும் மாவு பிசைய எழுந்து போனாள்.

திங்கட்கிழமை தொரை வந்து லயத்தைப் பார்த்துவிட்டுப் போனார். கூரை சுத்தமாக இருந்தது. கொடியைச் சுவரோரமாகப் பந்தல் போட்டு இறக்கியிருந்தார்கள். பொன்னையா முந்தின நாளே வந்து நின்று, பந்தல் காலை எங்கே நட வேண்டும் என்று அதிகாரம் பண்ணியிருந்தார். தொரை தக்காளிச் செடியைப் பார்த்து ஏதோ இங்கிலீஷில் சொன்னார். பொன்னையா தலையாட்டினார். திட்டவில்லை என்பது வரைக்கும்தான் மற்றவர்களுக்குப் புரிந்தது.

அந்த வாரக் கடைசியில் மீனம்மா சாக்கோடு கடைவீதிக்குப் போனபோது, தேத்தண்ணிக் கடை வாசலில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் நிறையத் தேயிலைச் சக்கை பிழிந்து வைத்திருந்தது. அதன்மேல் ஒரு வாழையிலை மூடியிருந்தது.

"இது ரோசாச் செடிக்கு நல்லதாம்," என்றார் ஜமால்தீன், கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே. "அந்த வாய்க்காரப் பொம்பளைக்குக் குடுங்க. மிச்சம் இருந்தா நீங்க எடுங்க."

ராக்காயிக்கு ரோஜாச் செடி கிடையாது. ஆனால் அதைக் கேட்டதும் அவள் முகம் சிவந்துபோனது. அன்றைக்கே எங்கிருந்தோ ஒரு பதியன் வாங்கி வந்து நட்டாள்.

அதற்குப் பிறகு ரபீக்காவும் மீனம்மாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடை ஓரமாகச் சேர்ந்து நடந்து பார்ப்பது வழக்கமாயிற்று. யார் ஜன்னலிலிருந்து என்ன விழுகிறது என்று பார்ப்பார்கள். தையல்கடைத் துணித்துண்டுகளை ரபீக்கா கேட்டு வாங்கி, கடைக்கு வருகிறவர்களுக்குப் பைகள் தைத்தாள். பலநிறத்துப் பைகள், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. லயத்துப் பெண்கள் அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போகிற மாதிரி கடைக்கு வந்தார்கள்.

ஒரு நாள் மீனம்மா தண்ணீரிலிருந்து கறுப்பாக ஏதோ ஒன்றைக் குச்சியால் தூக்கினாள். தலைமுடி. கொத்துக் கொத்தாக.

"சலூன்," என்றாள் ரபீக்கா. இருவரும் கடைசிக் கடையின் ஜன்னலைப் பார்த்தார்கள். "முடியை என்னக்கா பண்றது? பை தைக்க முடியாது. கோழியும் தின்னாது."

மீனம்மாவுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அழகனிடம் கேட்டாள். அழகன் சுருட்டை ஒருமுறை இழுத்துவிட்டு யோசித்தான். அவன் அதிகம் பேசுகிறவனில்லை.

"மனுஷ வாடை அடிச்சா காட்டுப்பன்னி வராது," என்றான். "கெழங்குப் பாத்தியைச் சுத்திப் போட்டுப் பாக்கலாம்."

மறு ஞாயிறு அவன் சவரம் பண்ணிக்கொள்ளப் போனான். திரும்பி வரும்போது கன்னம் பளபளத்தது. தோளில் பூப்போட்ட பச்சைப் பை ஒன்று தொங்கியது. அது நிறையக் கொட்டகலை ரோட்டு ஆண்களின் தலைமுடி. லயத்து வாசலில் ராக்காயி அதைத் திறந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் தோட்டத்து உச்சி மேமலை வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள்.

"கத்தாத," என்றான் அழகன். "ஒன் பாத்திக்கும் பாதி இருக்கு."